புயலுக்கு முன் மரத்தை மொட்டையடிக்காதீர்கள்

நவம்பர் பிறந்தால் மொரிஷியஸில் புயல் காலம். அதுவரை யாரும் வீட்டு மரத்தை அண்ணாந்து பார்ப்பதில்லை. புயல் எச்சரிக்கையின் இரண்டாம் படியான கிளாஸ் 2 வந்த பிறகுதான் ரோஸ் ஹில்லிலும் திரியோலேயிலும் ரம்பமும் அரிவாளும் வெளியே வருகின்றன. அந்த நேரத்தில் வெட்டிய கொப்புகளை அள்ளிப்போக வண்டி கிடைக்காது. முற்றத்தில் குவித்தவை காற்றில் பறந்து பக்கத்து வீட்டு ஜன்னலில் அடிக்கும், வடிகாலில் போய் அடைத்துக்கொள்ளும். 2024 ஜனவரியில் பெலால் புயல் வந்தபோது போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததைப் பார்த்தவர்கள் நாம். எச்சரிக்கை வந்துவிட்டால் ரம்பத்தை உள்ளே வையுங்கள். கீழே கிடக்கும் காய்ந்த கொப்புகளைப் பொறுக்கிக் கட்டிவைத்தால் போதும்.

நிழல் மரங்களைக் குளிர் மாதங்களில், மே முதல் அக்டோபருக்குள் கவாத்து செய்துவிட, அதாவது கிளை கழித்துவிட வேண்டும். மாவும் லிச்சியும் வேறு கணக்கு. அவை குளிர்காலத்தில்தான் பூக்கும். ஜூலையில் கை வைத்தால் அந்த வருஷப் பழம் போச்சு. காய் பறித்த கையோடு அளவாகக் கழித்துவிடுங்கள்.

எனக்கு மனம் பொறுக்காத தவறு உச்சியை மொத்தமாக வெட்டி மொட்டையடிப்பது. முருங்கையை ஒடித்து வளர்க்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். முருங்கைக்கு அது சரி; இடுப்பளவுக்கு வெட்டினாலும் தழைத்து வரும். அதே கையோடு மாமரத்துக்கும் பலாவுக்கும் போய்விடுகிறோம். உச்சி போனால் காற்று பிடிக்காது என்பது கணக்கு. அந்த ஒரு வருஷம் பிடிக்காதுதான். அடுத்த மழைக்கே வெட்டிய முண்டைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகக் குச்சிகள் கிளம்பும். இயல்பாக வந்த கிளையின் அடியை வருஷா வருஷம் தண்டு சுற்றி வளர்ந்து இறுக்கிப் பிடித்திருக்கும். இந்தக் குச்சிகளோ பட்டைக்கு அடியிலேயே மேலாக ஒட்டிக்கொண்டு முளைத்தவை. சில வருஷங்களில் பழைய உயரத்தை எட்டிவிடும், பிடிப்பு வராது. கீழே முண்டு மட்கிக்கொண்டிருக்கும். 1975-ல் ஜெர்வேஸ் புயலில் காற்று மணிக்கு 280 கிலோமீட்டரைத் தொட்டது. அந்த வேகத்துக்கு எந்த மரத்துக்கும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் அதில் பாதி வேகத்துக்கே கிளை முறிந்து கூரையில் விழுகிறது என்றால், பழைய வெட்டு எங்கே இருந்தது என்று ஏறிப் பாருங்கள்.

வௌவாலுக்கு வலை போட வேண்டும், அதற்கு லிச்சி குட்டையாக இருக்க வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. நியாயமான தேவை. அதற்கும் மொட்டை வேண்டாம். நீண்ட கிளையை, அதில் பிரியும் பக்கக் கிளை வரைக்கும் குறைத்துக்கொண்டு வாருங்கள். அந்தப் பக்கக் கிளை, வெட்டும் கிளையின் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். ஒரே தடவையில் தழையில் கால்பங்குக்கு மேல் எடுக்காமல் இரண்டு மூன்று வருஷத்தில் இறக்கிவிடலாம். பழம் பறித்ததும் வலையைக் கழற்றிவிடுங்கள். புயல் காற்றில் வலையே கப்பல் பாய்போலக் காற்றைப் பிடித்து மரத்தைச் சாய்த்துவிடும்.

இனி வெட்டும் இடம். கிளை தண்டோடு சேருமிடத்தில் பட்டை சுருங்கி ஒரு வளையம் புடைத்திருக்கும்; விரலால் தடவினாலே தெரியும். காயத்தை மூடும் திசு அங்கேதான் இருக்கிறது. அதைச் சீவி எடுத்துத் தண்டோடு வழவழப்பாக வெட்டினால் காயம் மூடாது. முழ நீளம் விட்டு வெட்டினால் அந்த முண்டு வழியாக மட்கல் உள்ளே இறங்கும். கனமான கிளையை முதலில் ஓர் அடி தள்ளி, அடிப்பக்கத்திலிருந்து கால்வாசி அறுங்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை விழவிடுங்கள். மிச்ச முண்டை வளையத்துக்கு வெளியே ஒட்டி எடுங்கள். முதல் வெட்டு இல்லாவிட்டால் கிளை விழும்போது தண்டின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். காயத்தில் பெயின்ட், தார் எதுவும் பூச வேண்டாம். ஈரத்தை உள்ளே அடைத்து வைப்பதுதான் மிச்சம்.

வேரை நாம் நினைப்பதே இல்லை. மகனுக்கு மாடி எடுக்கக் கடைக்கால் தோண்டும்போது ஒரு பக்கத்து வேர் முழுக்கப் போய்விடும். மேலே இலை பச்சையாக இருக்கும், அடுத்த புயலில் மரம் அடியோடு பெயரும். விண்பதியன் போட்டு, அதாவது மரத்திலிருக்கும் கிளையிலேயே வேர்விட வைத்து வளர்த்த லிச்சிக்கு ஆணிவேரே கிடையாது, அதற்கு இன்னும் ஆபத்து. வேப்பமரத்தைச் சுற்றி மேடை கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பக்தியோடுதான் கட்டுகிறீர்கள், ஆனால் மண்ணைத் தண்டின்மேல் ஏற்றினால் பட்டை அழுகும், சிமெண்டால் மூடினால் வேர் மூச்சுவிடாது. தண்டின் அடி அகன்று தரையில் இறங்கும் இடம் வெளியே தெரிய வேண்டும். மேடையை நாலடி தள்ளிக் கட்டுங்கள், விளக்கு மாட்ட மரத்தில் ஆணி அடிக்காதீர்கள்.

தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் மட்டும் இறக்குங்கள். பச்சை மட்டையைக் கழித்தால் குருத்துக்குக் காவல் போய்விடும். ஏறுவதற்காகத் தண்டில் படி வெட்டினால் அந்தக் காயம் ஒருநாளும் மூடாது.

ஆள் வைத்து வெட்டுகிறீர்களா? கயிறு, இடுப்புவார், தலைக்கவசம் கொண்டு வருகிறாரா, விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். எந்தக் கிளையை ஏன் எடுக்கப்போகிறீர்கள் என்றும் கேளுங்கள். "எல்லாத்தையும் எடுத்துடலாம்" என்பவர் வேண்டாம். மின்கம்பிப் பக்கம் போகும் கிளையை நீங்களும் தொடாதீர்கள், அவரையும் தொடவிடாதீர்கள், மின்வாரியமான சி.இ.பி.க்குச் சொல்லுங்கள். அடியில் காளான் பூத்திருந்தாலோ, மரம் புதிதாகச் சாய்ந்து ஒரு பக்கம் மண் வெடித்திருந்தாலோ, தெரிந்தவரை அழைத்துக் காட்டுங்கள். மரத்தையே எடுக்கத்தான் வேண்டும் என்று அவர் சொன்னால் தயங்காதீர்கள்.

புயல் போன பிறகும் ஒரு தவறு நடக்கிறது. கடலோர வீடுகளில் உப்புக் காற்று பட்டு மரம் முழுக்க இலை கருகும். செத்துவிட்டது என்று வெட்டிவிடுகிறார்கள். முதலில் நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். ஒரு கிளையில் நகத்தால் பட்டையைக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால், வெட்டுவதற்கு முன் இரண்டு மூன்று மாதம் பொறுங்கள்.