கச்சேரிச் சுருளைக் கெடுக்கும் தவறுகள்

போஸ்ட்-பங்க் என்னும், 1970களின் கடைசியில் பங்க் ராக்கைத் தொடர்ந்து வந்த இசைக் குழுக்களின் ஆரம்பகாலக் கச்சேரிகளில் பெரும்பாலானவை படமாகவே இல்லை. கிடைப்பவற்றில் பல, யாரோ கையில் பிடித்த சூப்பர் 8 கேமராவில், அதாவது வீட்டுப் படங்களுக்கான 8 மி.மீ. ஃபிலிம் கேமராவில், எடுத்தவை. 1979 மார்ச்சில், இங்கிலாந்தின் மான்செஸ்டருக்கு அருகிலுள்ள ஆல்ட்ரிங்கம் பக்கத்து இளைஞர் மன்றத்தில், ஜாய் டிவிஷன் குழுவை மால்கம் வைட்ஹெட் எடுத்ததும் சூப்பர் 8இல்தான். இந்தச் சுருள்களைச் சேகரிக்கப் புதிதாக வருபவர்கள், நாங்கள் தொடங்கிய காலத்துத் தவறுகளையே இன்றும் செய்கிறார்கள். தூசி, கைரேகை எல்லாம் எல்லோருக்கும் தெரியும், விட்டுவிடுகிறேன்.

சுவரில் ஓட்டிப் படம்பிடிப்பது

இதை நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. 50 அடிச் சுருளில் 3,600 ஃபிரேம். வினாடிக்கு 18 என்று எடுத்திருந்தால் 3 நிமிடம் 20 வினாடி ஓட வேண்டும். வீடியோவின் வேகத்துக்கு ஏற்ப 25 என்று ஓட்டினால் 2 நிமிடம் 24 வினாடியில் முடிந்துவிடும். ஜாய் டிவிஷன் பாடகர் இயன் கர்டிஸ் கையை வீசி ஆடுவதைப் பார்க்கத்தான் இத்தனை பாடு. அது ஊமைப்பட ஓட்டம் போல ஆகிவிட்டால் என்ன மிச்சம்?

தெரிந்த பையன் ஒருவன் அரிய சுருளொன்றைக் கடையில் கொடுத்தான். அவர்கள் சுவரில் ஓட்டி, வீடியோ கேமராவில் எடுத்துத் தந்தார்கள். படம் மினுக்கியது, ஃபிரேம்கள் ஒன்றோடொன்று கலந்திருந்தன, வேகமும் கூடுதல். ரசிகர் பதிவுசெய்த கேசட்டின் ஒலியை அதில் சேர்த்தான். தொடக்கத்தில் பொருந்தியது. போகப்போக டிரம்ஸ் குச்சி விழுந்து வெகுநேரம் கழித்துத்தான் சத்தம் வந்தது. பாட்டை விரட்டிப் பார்த்தான்; பாடகரின் கட்டைக்குரல் கீச்சென்று ஆனது. சரி, மறுபடி ஸ்கேன் செய்யலாம் என்றால், சுருளைத் தூக்கிப் போட்டுவிட்டானாம். "அதான் ஃபைல் இருக்கேண்ணா" என்றான்.

ஃபிரேம் ஃபிரேமாக ஸ்கேன் செய்பவரிடம் மட்டுமே கொடுங்கள். ஒவ்வொன்றும் தனிப் படமாக இருந்தால் வேகத்தைப் பிறகு முடிவு செய்யலாம். கேசட்டும் சரியான வேகத்தில் ஓடியிருக்காது, முதலில் அதன் சுருதியைப் பாருங்கள். அப்புறம் ஒரே பாட்டின் முதலில் ஒன்று, கடைசியில் ஒன்று என இரண்டு ஸ்னேர் அடிகளை (டிரம்ஸில் படாரென்று கேட்கும் டிரம்மின் அடி) பொருத்திப் பாருங்கள். முதல் அடி பொருந்திக் கடைசி அடி விலகினால் வேகம் தப்பு. சுருளை எக்காரணம் கொண்டும் எறியாதீர்கள்.

வினிகர் வாடை

சுருளில் வினிகர் வாடை அடித்தால் ஃபிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள்.

மங்கலான முகத்தைக் கணினியில் கூர்மையாக்குவது

வேண்டாம்.

டப்பாவில் எழுதிய தேதியை நம்புவது

ஃபாக்டரி என்னும் இசைத்தட்டு நிறுவனம் 1982இல் வெளியிட்ட ஜாய் டிவிஷன் வீடியோ கேசட்டிலேயே 1979 அக்டோபர் மான்செஸ்டர் மேடையும் 1980 ஜனவரி நெதர்லாந்தின் ஐந்தோவன் மேடையும் சேர்ந்து வருகின்றன. உங்கள் சுருளிலும் இரண்டு இரவுகள் ஒட்டப்பட்டிருக்கலாம். சட்டை, மைக் ஸ்டாண்ட், டிரம்ஸுக்குப் பின்னாலுள்ள திரை, இவற்றை ஒவ்வொரு ஒட்டுக்கும் இருபுறமும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தேதி எழுதுங்கள்.