மூன்றாவது இஜிஆர் வால்வு வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றிப் பாலக்காட்டுக்கு ஓடும் டீசல் பிக்கப் என்னுடையது. பிஎஸ் 4 (பழைய புகை விதி) காலத்து வண்டி, 2.5 லிட்டர் காமன் ரெயில் எஞ்சின். ஒரே வருடத்தில் இரண்டு முறை இஜிஆர் வால்வு மாற்றினேன். முதல் வால்வு நான்கு மாதம் தாங்கியது, இரண்டாவது ஏழே வாரம். அப்புறம் பழையபடி டேஷ்போர்டில் செக் லைட் (எஞ்சின் எச்சரிக்கை விளக்கு), பழையபடி ஏற்றத்தில் இழுவை இல்லை. வால்வுக்கும் கூலிக்குமாக 40,000 ரூபாய்க்கு மேல் போன பிறகுதான் தெரிந்தது, கோளாறு 1,400 ரூபாய் ரப்பர் ஹோஸில் இருந்தது என்று.

அதற்குப் பிறகு லைனில் ஓடும் மற்ற வண்டிகளையும் கவனித்ததில் ஒரு விஷயம் பிடிபட்டது. இஜிஆர் வால்வில் கரி வந்து படிகிறது, அவ்வளவுதான். அந்தக் கரி பிறப்பது வேறு எங்கோ. புது வால்வு போட்டால் லைட் அணைந்துவிடும். கரி வரும் வழியைப் பார்க்காமல் விட்டால் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

இந்த வால்வின் வேலை என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சைலன்சருக்குப் போக வேண்டிய புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள்ளேயே அனுப்புகிறது. அந்தப் புகையில் ஆக்சிஜன் குறைவு என்பதால் சிலிண்டருக்குள் எரியும் சூடு தணிகிறது, நைட்ரஜன் ஆக்சைடு குறைவாக உருவாகிறது. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் ஐடிலிலும் லேசான லோடிலும் வால்வு திறந்திருக்கும். ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்தினால் மூடிக்கொள்ளும், ஏனென்றால் அப்போது எஞ்சினுக்குச் சுத்தமான காற்று வேண்டும். ஏற்றத்தில் வண்டி திணறுகிறது என்றால் வால்வு மூட முடியாமல் சிக்கியிருக்கலாம், அல்லது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரே பயந்து பவரைக் குறைத்திருக்கலாம்.

கோடு நம்பரைக் கேட்காமல் விடுவது

கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறு எண்ணை (கோடு) படிக்கும் ஸ்கேனரை மாட்டியதும் "அண்ணே, இஜிஆர் கோடு வருது, வால்வு மாத்தணும்" என்பார்கள். எந்த நம்பர் என்று கேளுங்கள். பி0401 என்றால் புகை போதுமான அளவு திரும்பி வரவில்லை என்று பொருள். பி0402 என்றால் அதிகமாக வருகிறது. பி0403 மின்சுற்றுக் கோளாறு. பி0404 என்பது வால்வு இருக்க வேண்டிய நிலையில் இல்லை என்பது. பி0405, பி0406 இரண்டும் வால்வுக்குள் இருக்கும் பொசிஷன் சென்சாரின் வோல்டேஜ் குறைவு, அதிகம்.

முதல் இரண்டையும் கம்ப்யூட்டர் பெரும்பாலும் கணக்குப் போட்டுத்தான் சொல்கிறது. பல டீசல் வண்டிகளில் புகையை நேரடியாக அளக்க சென்சார் கிடையாது. ஏர் ஃபில்டரை அடுத்து இருக்கும் காற்று அளவி, அதாவது மாஃப் சென்சார், எவ்வளவு புதுக் காற்று உள்ளே போகிறது என்று சொல்லும். வால்வு திறந்தால் அந்த அளவு குறைய வேண்டும். குறையவில்லை என்றால் புகை வரவில்லை என்று கம்ப்யூட்டர் முடிவு கட்டுகிறது. ஆகவே மாஃப் சென்சார் தப்பாகச் சொன்னாலும், வழியில் காற்று கசிந்தாலும், பழி வால்வின் மேல்தான் விழும்.

இதைவிட மோசமான தவறு, எதையும் எழுதிக்கொள்ளாமல் கோடை அழிப்பது. லைட் எரிந்த அந்த நொடியில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்பதை கம்ப்யூட்டர் படம் பிடித்தது போலச் சேமித்து வைத்திருக்கும். ஃப்ரீஸ் ஃபிரேம் என்று ஸ்கேனரில் தனிப் பக்கமே இருக்கிறது. என் வண்டியில் இரண்டு முறையும் அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. மூன்றாவது முறை பார்த்தபோது 1,900 ஆர்பிஎம், லோடு 45 சதவீதம், தண்ணீர் சூடு 84 டிகிரி என்று இருந்தது. ஐடிலில் வந்த கோளாறு அல்ல, எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ கொஞ்சம் ஊதத் தொடங்கிய பிறகு வந்த கோளாறு. முழு விஷயமும் அந்த ஒரு வரியில் இருந்தது. பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டி "சரியாயிடுச்சு" என்று அனுப்பினால் பெரும்பாலும் இந்தப் பக்கமும் அழிந்துபோகும்.

ஹோஸ் எப்படி வால்வைக் கெடுத்தது

டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸின் அடிப்பக்கத்தில், கிளாம்புக்குச் சற்றுத் தள்ளி விரல் நீளத்துக்கு ஒரு கீறல். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது அது மூடியே இருக்கும். டர்போ அழுத்தம் ஏறினால் வாய் பிளக்கும். மாஃப் சென்சார் அளந்து அனுப்பிய காற்றில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியே போய்விடும். கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. "புதுக் காற்று அதிகமாக வருகிறதே, புகை போதவில்லை போல" என்று எண்ணி இஜிஆர் வால்வை இன்னும் திறக்கும். சிலிண்டரிலோ காற்று ஏற்கெனவே குறைவு, அதில் புகையும் கூடினால் டீசல் சரியாக எரியாமல் கரியாகிறது. அந்தக் கரி, அகலத் திறந்திருக்கும் அதே வால்வு வழியாகத் திரும்பி வருகிறது. ஏழு வாரத்தில் வால்வு அடைத்ததில் ஆச்சரியம் இல்லை.

மேலிருந்து பார்த்தால் ஹோஸ் புதிது போல இருந்தது. கையை அடியில் விட்டுத் தடவியபோது எண்ணெயும் புழுதியும் கலந்த பிசுக்கு ஒட்டியது. அந்தப் பிசுக்குதான் அடையாளம். டர்போ ஹோஸுக்குள் லேசான எண்ணெய்ப் படலம் எப்போதும் இருக்கும். காற்று கசியும் இடத்தில் அது வெளியே வந்து புழுதியைப் பிடித்துக்கொள்ளும்.

உறுதிசெய்ய மெக்கானிக் செய்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் பிவிசி எண்ட் கேப் ஒன்றில் ஓட்டை போட்டு, டயர் வால்வைச் செருகி, மாஃபுக்கு அடுத்த ஹோஸ் வாயில் கிளாம்ப் போட்டு இறுக்கினார். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் ஹோஸை அடைத்துவிட்டு, எஞ்சின் ஓடாத நிலையில் 10 முதல் 15 பிஎஸ்ஐ வரை மெல்லக் காற்று ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்தார். கீறலில் நுரை பொங்கியது. பிரீதரை அடைக்காமல் ஏற்றினால் அழுத்தம் ஆயில் சேம்பருக்குள் போய் சீல் கெடும், அதை மறந்துவிடக் கூடாது.

கசிவு மாஃபுக்கும் டர்போவுக்கும் நடுவில் இருந்தால் கதை தலைகீழ். அங்கே உறிஞ்சும் பக்கம் என்பதால் அளக்காத காற்று உள்ளே வரும், மாஃப் குறைவாகக் காட்டும், புகை அதிகம் என்று கம்ப்யூட்டர் நினைக்கும். பி0402 வந்தால் அந்தப் பக்கத்தையும் பாருங்கள்.

மாஃபை நம்புவதற்கு முன் ஒரு மனக்கணக்கு

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தன் முழு கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கும். 2.5 லிட்டர் எஞ்சின் 800 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்கு 400 முறை, அதாவது 1,000 லிட்டர். நம்மூர் வெயிலில் ஒரு லிட்டர் காற்று சுமார் 1.15 கிராம். நொடிக்கு ஏறக்குறைய 19 கிராம் வரும். முழுதாக நிரம்பாது என்பதால் இஜிஆர் மூடிய நிலையில் 15, 16 இருந்தால் நியாயம். ஸ்கேனரில் 9 காட்டினால் மாஃப் அழுக்கு, அல்லது வால்வு மூடாமல் புகை உள்ளே வருகிறது. எது என்று பிரிக்க, ஒரே ஒரு சோதனைக்காக இஜிஆர் குழாயில் தகடு வைத்து மூடிப் பாருங்கள். அளவு உயர்ந்தால் வால்வு, உயராவிட்டால் மாஃப்.

மாஃபைத் துணியால் துடைப்பதும் கார்ப் கிளீனர் அடிப்பதும் அதைக் கொல்வதற்குச் சமம். அதற்கென்று இருக்கும் ஸ்பிரே மட்டும் போதும்.

வயரிங் பக்கம்

பி0403, 0405, 0406 வந்தால் வால்வைக் கழற்றுவதற்கு முன் வயர் செருகியிருக்கும் கப்ளரைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டு மல்டிமீட்டர் வைத்தால் சென்சார் வயரில் 5 வோல்ட் வர வேண்டும். பிறகு கப்ளரை மாட்டி, ஸ்கேனரில் பொசிஷன் வோல்டேஜைப் பார்த்துக்கொண்டே வயரை நெடுக ஆட்டிப் பாருங்கள். எண் துள்ளினால் அந்த இடத்தில்தான் எலி கடித்திருக்கும், பிராக்கெட்டில் உராய்ந்திருக்கும், இல்லை வாட்டர் சர்வீஸில் தண்ணீர் புகுந்திருக்கும். எஞ்சின் எர்த் வயரையும் ஒரு தடவை சுரண்டி இறுக்கிவிடுங்கள்.

கரியைப் பார்க்காமல் கழுவுவது

வால்வைக் கழற்றியதும் பெட்ரோலில் முக்கிவிடுவார்கள். முதலில் கரி எப்படி இருக்கிறது என்று பாருங்கள், மற்றதைப் பிறகு செய்யலாம். விரலில் மை போல உதிரும் உலர்ந்த கரி என்றால் காற்றுக் குறைவு அல்லது இன்ஜெக்டர் கோளாறு. தார் போல வழவழவென்று ஒட்டினால் பிரீதர் வழியாகவோ டர்போ வழியாகவோ எண்ணெய் வருகிறது, அல்லது எஞ்சின் சூடே ஏறுவதில்லை. கரிக்கு நடுவில் ஈரமோ வெள்ளைப் பொருக்கோ இருந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைகிறது, வெளியே சொட்டும் இல்லை என்றால் திரும்பி வரும் புகையைத் தண்ணீரால் குளிர்விக்கும் இஜிஆர் கூலர் ஓட்டை. அதைத் தள்ளிப்போடாதீர்கள், தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் எஞ்சினுக்கே ஆபத்து.

சூடு ஏறாத எஞ்சின் என்று சொன்னேன். நம் ஊரில் "சூடு ஆகாம இருக்கும்ணே" என்று எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் பழக்கம் இன்னும் போகவில்லை. தெரிந்த டிரைவர் ஒருவரின் வண்டி நாள் முழுக்க 60 டிகிரியைத் தாண்டாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குளிர்ச்சியில் புகையிலுள்ள ஈரமும் எரியாத டீசலும் சேர்ந்து வால்வில் பசை போலப் படிந்தது. தெர்மோஸ்டாட் போட்ட பிறகு தொல்லை நின்றது. அவர் மட்டும் இன்னும் முழுசாக நம்பவில்லை.

கழுவும்போது மோட்டார் பக்கத்தை நனைக்காதீர்கள். வால்வை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறக்காதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் பல் சக்கரம் உடையும். பழைய கேஸ்கட்டைத் திரும்பப் போடாதீர்கள். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிஃபோல்டையும் கூலரையும் விட்டுவிட்டு வால்வை மட்டும் பளபளக்க வைப்பது அரை வேலை. பல வண்டிகளில் புது வால்வு போட்டதும் அதன் மூடிய நிலை எது என்று ஸ்கேனர் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கற்றுத்தர வேண்டும். அதை விட்டால் பி0404 அடுத்த நாளே வரலாம்.

தகடு அடிப்பது

"ஒரு தகடு அடிச்சா தீர்ந்துச்சு" என்று, அதாவது இஜிஆர் வழியை நிரந்தரமாக மூடிவிடலாம் என்று, யாராவது சொல்வார்கள். வெற்றிடக் குழாயில் இயங்கிய பழைய வால்வுகளில் கம்ப்யூட்டருக்குத் தெரியாமலே போனதுண்டு. இப்போதைய வண்டிகளில் பி0401 தானாக வரும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ் 6 வண்டி என்றால் கரி வடிகட்டியின் கணக்கும் குழம்பும். டீசலுக்குப் புகைச் சான்று எடுக்கும்போது கரும்புகையின் அடர்த்தியைத்தான் அளக்கிறார்கள் என்பதால் அங்கே சிக்காமல் போகலாம். ஆனால் அது சட்டப்படி தவறு, சாலையில் மூச்சு விடுகிறவர்களுக்கும் கெடுதல். சோதனைக்கு வைத்த தகட்டை அன்றே எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, ஷெட் வாசலில் லைட் அணைந்ததைப் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். பல கோடுகள் இரண்டு ஓட்டத்தில் தொடர்ந்து தவறு தெரிந்தால்தான் லைட்டை எரிய வைக்கும். அதுவரை பெண்டிங் என்ற பக்கத்தில் காத்திருக்கும். ஹோஸ் மாற்றி, வால்வையும் மேனிஃபோல்டையும் சுத்தம் செய்த பிறகு, பாலக்காட்டுக்கு இரண்டு லோடு அடித்துவிட்டு வந்து ஸ்கேனரை மாட்டினோம். பெண்டிங் பக்கம் காலி. மெக்கானிக்குக்கு மீதிக் கூலியை அன்றைக்குத்தான் கொடுத்தேன்.