வட்டாரப் பெருக்கிகள் வீங்கினால்: என் அனுபவம்

பின்லாந்தின் சிறு வட்டாரம் ஒன்றுக்கு உள்ளீடு-வெளியீட்டு அட்டவணை (எந்தத் தொழில் எந்தத் தொழிலிடமிருந்து எவ்வளவு வாங்குகிறது என்று காட்டுவது) தேவைப்பட்டது. நாட்டு அட்டவணையை எளிய இருப்பிட ஈவால் (ஒரு தொழிலுக்கு வட்டாரத்தில் உள்ள பங்கை நாட்டில் உள்ள பங்கால் வகுத்த எண்) சுருக்கினால், பெருக்கிகள் (தேவை ஒரு அலகு கூடினால் மொத்த உற்பத்தி எவ்வளவு கூடும் என்ற எண்கள்) நம்ப முடியாத அளவுக்கு வீங்கின. ஒரே வகைச் சரக்கை வட்டாரம் வெளியே விற்கவும் செய்யும், வெளியிலிருந்து வாங்கவும் செய்யும். அந்த முறை இதைப் பார்ப்பதே இல்லை. மரம், காகிதத் தொழில்களில் இது அன்றாட நடப்பு.

சரி என்று, பொருளியலாளர் ஃபிளெக்கும் சகாக்களும் 1995-இல் முன்வைத்த எஃப்எல்க்யூ (FLQ, ஃபிளெக்கின் இருப்பிட ஈவு) முறைக்கு மாறினேன். அது வட்டாரத்தின் அளவையும் கணக்கில் எடுக்கிறது. நாட்டின் வேலைவாய்ப்பில் வட்டாரத்தின் பங்கு 5% என்றால், அதை 1-உடன் கூட்டிய 1.05-க்கு இரண்டடிமான மடக்கை 0.07. அதற்கு அடுக்கு 0.25 கொடுத்தால் சுமார் 0.51. தொழில்களுக்கிடையிலான ஈவை (விற்கும் தொழிலின் இருப்பிட ஈவை வாங்கும் தொழிலின் ஈவால் வகுத்தது) இதனால் பெருக்க, உள்ளூர்க் கொள்முதல் வெகுவாக இறங்கியது. பெருக்கிகளும் நம்பும்படி ஆயின. அடுக்கை மட்டும் கண்மூடித்தனமாக வைக்காதீர்கள். ஆர்ஏஎஸ் (RAS) சமன்படுத்தல், அதாவது நிரை, நிரல் கூட்டல்கள் தெரிந்த மொத்தங்களோடு பொருந்தும்வரை அட்டவணையைத் திருத்துவது, அப்புறம்தான், அதுவும் வட்டார மொத்தங்கள் கையில் இருந்தால்.