கொழும்புச் சூழலில் கினிக்கோழி வளர்த்துப் பெருக்கும் முறை

கினிக்கோழி வாங்குவதற்கு முன்னர் அயலாரோடு பேசிவிடுங்கள். அந்நியர் ஒருவர் படலையைத் திறந்தாலும், மதிலின்மேல் பூனை நடந்தாலும், வானில் பருந்து வட்டமிட்டாலும் இப்பறவைகள் கூட்டமாகக் கத்தும். அந்தச் சத்தம் பல வீடுகளுக்கு அப்பாலும் கேட்கும். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை போன்று சுவரோடு சுவர் ஒட்டிய இடங்களில் இதை வளர்ப்பது முறையல்ல என்பதே என் கருத்து. வத்தளை, ஹெந்தளை, அத்துருகிரிய பக்கங்களில் ஓரளவு பெரிய காணியும் மரநிழலும் உள்ளவர்கள் துணியலாம். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் உள்ளூராட்சி விதிகளைக் கேட்டறிந்த பின்னரே கூடு கட்டத் தொடங்குங்கள்.

சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்கப் புல்வெளிகளே இப்பறவையின் தாயகம். வளர்ந்த பறவை வெயிலையும் சாதாரண நோய்களையும் நன்றாகவே தாங்கும். உண்ணி, வெட்டுக்கிளி, கறையான் ஆகியவற்றைத் தேடித் தின்னும். ஊர்க்கோழியைப் போல மண்ணைக் கிளறிப் பாத்திகளைக் குழப்பாது. ஆனால் குஞ்சு முற்றிலும் வேறு. ஈரம் பட்டால் அது மிக விரைவில் இறந்துவிடும். ஆண்டின் பெரும்பகுதியில் மழையும் புழுக்கமும் உள்ள கொழும்பில் முதல் ஆறு வாரங்களைச் சரியாகக் கடத்துவதே இவ்வளர்ப்பின் பெரும்பகுதி வேலை.

வளர்ந்த பறவைகளை வாங்காதீர்கள். அவை புது இடத்தைத் தம் இடமாக ஏற்பது அரிது; திறந்துவிட்ட அன்றே பறந்துபோய் யாரோ ஒருவருடைய கூரையில் அமரும். குஞ்சுகளாகவோ அடைமுட்டைகளாகவோ வாங்குவதே நல்லது.

குஞ்சுகளுக்கு உயரமான பக்கங்களுள்ள பெட்டி ஒன்றும் மேலே ஒரு மின்குமிழும் போதும். முதல் வாரத்தில் குஞ்சின் முதுகு மட்டத்தில் 35 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்க வேண்டும். பின்னர் வாரத்துக்கு ஏறத்தாழ 3 பாகை வீதம் குறைத்துவரலாம். கொழும்பின் பகல் வெப்பத்தில் மூன்றாவது வாரமளவில் பகலில் குமிழை அணைத்துவிடலாம், ஆனால் இரவிலும் மழை நாட்களிலும் அது எரியத்தான் வேண்டும். வெப்பமானியைவிடக் குஞ்சுகளைப் பார்ப்பதே நம்பகமானது: குமிழுக்குக் கீழே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கினால் குளிர், ஓரங்களுக்கு ஒதுங்கி வாய்திறந்து மூச்சுவிட்டால் சூடு, பரவலாகப் படுத்துறங்கினால் அளவு சரி.

பெட்டியின் அடியில் பத்திரிகைத் தாளை விரிக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் கால் வழுக்கி, இரண்டு கால்களும் பக்கவாட்டில் விரிந்து, குஞ்சு நிற்க முடியாமலே போய்விடும். முதல் சில நாட்களுக்குச் சாக்கையோ சொரசொரப்பான துணியையோ விரித்து, தீனை அடையாளம் காணப் பழகிய பின்னர் உமி பரப்பலாம். தண்ணீர்த் தட்டில் சிறு கூழாங்கற்களை நிரப்பி, கற்களுக்கிடையே அலகு மட்டும் நனையுமாறு நீர் ஊற்ற வேண்டும். திறந்த கிண்ணம் வைத்தால் குஞ்சு உள்ளே இறங்கி நனைந்து விறைத்துவிடும். தட்டைச் சுற்றி உமி ஈரமாகும்போதெல்லாம் அதை அள்ளியெறிந்து புது உமி போடுங்கள். ஈர உமியில் இரத்தக் கழிச்சல் நோய் எளிதாகப் பரவும்.

தீனில் முதல் மாதம் 24 முதல் 26 சதவீதம் புரதம் தேவை. முட்டைக்கோழிக் குஞ்சுத் தீனில் அவ்வளவு இருக்காது. ஆகவே இறைச்சிக்கோழிக் குஞ்சுத் தீனுடன் அவித்து மசித்த முட்டையும் பொடியாக அரிந்த பொன்னாங்காணியும் சேர்த்துக் கொடுக்கலாம். தீனில் மருந்து கலந்திருந்தால் அது கினிக்கோழிக்கு ஏற்றதா என்று அரச மிருக வைத்தியரிடம் கேட்டுவிடுங்கள். கோழிகளைக் கொல்லும் தொற்றுநோயான ரானிக்கெட்டுக்குரிய தடுப்பூசி பற்றியும் அப்போதே விசாரிக்கலாம்.

ஆறு வாரமானதும் நிலையான கூட்டுக்கு மாற்றி, மேலும் ஆறு வாரமாவது வெளியே விடாமல் அங்கேயே வைத்திருக்க வேண்டும். மாலையில் ஒரே நேரத்தில், ஒரே ஓசையில் அழைத்து, ஒரு கைப்பிடி தினையோ சாமையோ போட்டுவாருங்கள். பின்னர் முதலில் இரண்டு பறவைகளை மட்டும் திறந்துவிடுங்கள். கூட்டத்தைப் பிரிய மனமில்லாத அவை கூட்டைச் சுற்றியே நிற்கும். நாளடைவில் எண்ணிக்கையைக் கூட்டலாம். இருட்டில் கூட்டுக்குள் நுழைய இவை தயங்கும் என்பதால் உள்ளே மங்கலான விளக்கொன்றை ஏற்றிவையுங்கள்.

கூட்டில் உயரமான குறுக்குக் கம்புகளும், தாராளமான காற்றோட்டமும், சாரல் புகாத தாழ்வாரமும் வேண்டும். கொழும்பில் பகலில் காகமும் கீரியும், கால்வாய் ஓரமானால் கபரகொய்யா என்னும் பெரிய நீர் உடும்பும், இரவில் மரநாயும் தெருநாயும் வரும். ஆகையால் சிறு கண்ணுள்ள தடித்த கம்பிவலையை நிலத்துக்குக் கீழேயும் ஓரடி ஆழத்துக்குப் புதைத்தல் நல்லது. பறவையைப் பிடிக்கும்போது காலைப் பற்றாதீர்கள், எளிதில் முறிந்துவிடும். இரு கைகளாலும் உடலை இறக்கைகளோடு சேர்த்து அணைத்தே தூக்க வேண்டும்.

பெருக்க விரும்புகிறவர் முதலில் சேவலையும் பேட்டையும் பிரித்தறிய வேண்டும். சேவலின் தாடி பெரிதாகிக் கிண்ணம்போல் குழிந்திருக்கும் என்றாலும், இளம் பறவைகளில் இது ஏமாற்றும். குரலே உறுதியான சான்று. இரண்டு அசைகளாக, இரண்டாவது அசை மேலெழும்பக் கூவுவது பேடு மட்டுமே. ஒற்றை அசையில் அடுக்கடுக்காகக் கத்துவதைப் பேடும் செய்யக்கூடும் என்பதால், ஒரு பறவையைச் சிறிது நேரம் தனியே வைத்துக் கேட்டபின் கால்வளையம் இடுங்கள். நான்கு அல்லது ஐந்து பேடுகளுக்கு ஒரு சேவல் போதும்.

ஏறத்தாழ ஏழெட்டு மாதத்தில் முட்டையிடத் தொடங்கும் பேடு, வேலியோரக் குரோட்டன் செடிகளுக்குள்ளோ வாழைப் புதருக்குள்ளோ ஒளித்தே இடும். நண்பகல்வரை கூட்டில் அடைத்துவைத்தால் பெரும்பாலான முட்டைகள் உள்ளேயே கிடைக்கும். வெளியே கூடு ஒன்றைக் கண்டால் நான்கைந்து முட்டைகளைப் பென்சிலால் அடையாளமிட்டு அங்கேயே விட்டு, மற்றவற்றை எடுங்கள். வெறுமையாக்கினால் பேடு இடத்தை மாற்றிவிடும்.

எடுத்த முட்டைகளை நீண்டநாள் சேர்த்துவைக்க வேண்டாம். ஏறத்தாழ 21 பாகைக்கு மேலே கரு மெல்ல வளரத் தொடங்கும். நம் வீடுகளின் அறை வெப்பமோ எப்போதும் அதற்கு மேலேதான். குளிர்சாதனப் பெட்டியும் அளவுக்கு மீறிய குளிர். ஆகவே கூர்முனை கீழாக, வீட்டின் மிகக் குளிர்ந்த மூலையில் வைத்து, ஐந்து நாட்களுக்குள் அடைவையுங்கள்.

கினிப்பேடு ஈரப்புல்லில் குஞ்சுகளை இழுத்துத் திரிந்து இழந்துவிடும் என்பதால், அடை கிடக்கும் ஊர்க்கோழிக்குக் கீழே பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டைகள் வைப்பதையே நான் விரும்புகிறேன். மின்சாரப் பொரிபெட்டியைப் போல் அல்லாமல், ஊர்க்கோழிக்கு மின்வெட்டும் ஒரு பொருட்டல்ல. பொரிக்க 26 முதல் 28 நாட்கள் ஆகும். கோழிமுட்டைக்கு 21 நாட்களே என்பதால் இரண்டையும் ஒன்றாக அடைவைக்காதீர்கள், தன் குஞ்சுகள் வந்ததும் கோழி எழுந்துவிடும். பொரிபெட்டியானால் விசிறியுள்ளதில் 37.5 பாகை வைத்து, 24ஆம் நாள்வரை தினமும் குறைந்தது மூன்று முறை திருப்பி, கடைசி மூன்று நாட்களில் ஈரப்பதத்தை 65 சதவீதத்துக்கு மேல் உயர்த்துங்கள். கொழும்பில் ஜனவரியும் பெப்ரவரியும் ஒப்பீட்டளவில் வறண்டவை. அக்டோபர், நவம்பரில் அடர்மழை. அடைவைக்கும் மாதத்தைத் தெரிவுசெய்யும்போது இதையும் கணக்கிலெடுங்கள். அடுத்த தலைமுறைக்கான சேவலை வேறொருவருடைய கூட்டத்திலிருந்து குஞ்சாக மாற்றிக்கொள்ளுங்கள். உடன்பிறந்தவற்றையே இணைத்துவந்தால் கருவற்ற முட்டைகள் கூடும்.