ஐஸ் ஹாக்கி அணியில் ஒற்றுமை வேண்டுமா? பெஞ்சிலிருந்து தொடங்குங்கள்

வேலை முடிந்து களைத்து வந்து, இரவில் பொழுதுபோக்காக ஐஸ் ஹாக்கி ஆடும் ஒரு அணியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். ஸ்கேட்டிங், விதிகள், கோல்கீப்பர் போக ஐஸில் ஐந்து பேர் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இங்கே சிங்கப்பூரில் அணிகள் உடைவது தோற்பதால் இல்லை. பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஒரே கட்டணம் கட்டிவிட்டு, ஒருவர் பாதி ஆட்டம் ஐஸில் இருக்கிறார், இன்னொருவர் பாதி ஆட்டம் குளிரில் உட்கார்ந்திருக்கிறார். ஜெர்சி அச்சடிப்பதையும் விருந்து வைப்பதையும் அப்புறம் பார்க்கலாம்.

முதல் படி: காசை முன்கூட்டியே முடியுங்கள்

2023 ஆகஸ்டில் ஜேகியூப் கடைத்தொகுதி மூடியதும் அதிலிருந்த ஒலிம்பிக் அளவு ஐஸ் ரிங்க் நம் கையை விட்டுப் போனது. கிடைக்கிற நேரத்துக்குப் போட்டி அதிகம், வாடகையும் கடிக்கும். அதனால் ஆட்டத்துக்கு ஆட்டம் வசூலிக்காதீர்கள். வராதவனின் பங்கை வந்தவன் கட்ட வேண்டி வந்தால் முணுமுணுப்பு அங்கேயே ஆரம்பித்துவிடும். ஒரு பருவத்துக்கு மொத்தமாகப் பேநவ்வில் (கைப்பேசிப் பணப் பரிமாற்றம்) வாங்கிவிடுங்கள். ரிசர்விஸ்ட் (தேசிய சேவை) அழைப்பு வந்தவருக்கு மட்டும் கழித்துக்கொடுங்கள், வேறு எந்தச் சாக்குக்கும் கிடையாது.

கோல்கீப்பரிடம் காசு வாங்காதீர்கள். பல நாடுகளில் இதுதான் வழக்கம். அவர் வாங்கும் கவசத்தின் விலை ஒன்றே போதுமான காரணம். தவிர, அவர் வராவிட்டால் ஆட்டமே இல்லை.

வருகைக்கு வாட்ஸ்அப் வாக்கெடுப்பு போதும். அணி நடத்தத் தனிச் செயலிகள் இருக்கின்றன, எனக்கு அவை பிடிக்காது. இன்னொரு கடவுச்சொல்லை யார் நினைவு வைத்துக்கொள்வார்கள்?

இரண்டாம் படி: லைனைக் கலந்து போடுங்கள்

லைன் என்றால் ஒன்றாக ஐஸில் இறங்கும் ஐந்து பேர்: முன்னால் சென்டரும் இரண்டு விங்கும், பின்னால் தடுப்பில் இருவர். நன்றாக ஆடும் மூன்று பேரை ஒரே லைனில் முன்னால் போட எல்லோருக்கும் ஆசை வரும். போடாதீர்கள். மற்ற இரண்டு லைன்களும் கோல் வாங்காமல் தாக்குப்பிடிக்கும் கூலிகளாகிவிடும். லைனுக்கு ஒரு தேர்ந்த ஆட்டக்காரரை சென்டரில் வையுங்கள். ஐஸின் இரு முனைக்கும் ஓட வேண்டிய இடம் அது. புதியவரை விங்கில் விடுங்கள், அங்கே வேலை எளிது. தடுப்பில் அனுபவசாலி ஒருவர், புதியவர் ஒருவர் என்று ஜோடி சேருங்கள். ஒருமுறை போட்ட லைனை வாராவாரம் கலைக்காதீர்கள். பக்கத்தில் ஆடுபவர் எங்கே நிற்பார் என்று உடம்புக்குப் பழகவே சில வாரம் பிடிக்கும்.

மூன்றாம் படி: ஷிஃப்டைச் சுருக்குங்கள்

எங்கள் அணி மாட்டிக்கொண்ட இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஷிஃப்ட் என்றால் ஒருமுறை ஐஸில் இறங்கியதிலிருந்து பெஞ்சுக்குத் திரும்பும் வரையான நேரம். தொழில்முறை ஆட்டத்தில் அது சுமார் 45 விநாடி. முழு வேகத்தில் ஓடினால் கால் அவ்வளவுதான் தாங்கும். நம் ஆட்கள் ஒரு நிமிடம் தாண்டியும் இறங்க மாட்டார்கள். ‘இன்னும் தெம்பு இருக்கு’ என்பார்கள். இருக்காது. மெதுவாகச் சுற்றிக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். கடிகாரம் நிற்காத 15 நிமிடப் பகுதி, மூன்று லைன். எல்லோரும் ஒரு நிமிடம் ஆடினால் லைனுக்கு ஐந்து ஷிஃப்ட். ஒரு லைன் மட்டும் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டும் ஒழுங்காக ஒரு நிமிடத்தில் இறங்கினால், அந்த ஒரு லைனுக்கே பாதி நேரம் போய்விடுகிறது. மிச்சப் பாதியை மற்ற பத்துப் பேர் பங்கிட வேண்டும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, ஆனால் விளைவு இதுதான்.

எங்கள் அணியில் ஒரு தம்பி, புதிதாகச் சேர்ந்தவன். ஒரு காலைத் தடுப்புப் பலகை மேல் தூக்கிப் போட்டபடி தயாராக நின்றான். அவன் இடத்துக்காரர் பெஞ்சை ஒட்டி இரண்டு முறை போனார், நிற்கவில்லை. ‘அண்ணே, அவர் என்னையப் பாத்தாரா இல்லையா?’ என்று கேட்டான். ‘இருடா, இப்ப வந்துருவாரு’ என்றேன். காலை இறக்கிக்கொண்டு, கையுறையைக் கழற்றி மடியில் வைத்தான். அடுத்த வாரம் குழுவில் ‘வேலை இருக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தான். அதற்கடுத்த வாரமும் அதே பதில்.

இப்போது நாங்கள் செய்வது இது. ஆடாத ஒருவர் பெஞ்சை நடத்துகிறார். காயம்பட்டவர், யாராவது ஒருவரின் மனைவி, யாராக இருந்தாலும் சரி. கேப்டன் வேண்டாம், அவர் ஐஸில் இருப்பார். பெஞ்ச் நடத்துபவர் 50 விநாடியில் ‘சேஞ்ச்!’ என்று கத்துவார். கேட்டவர் பக்கை (ஆடும் ரப்பர் வட்டை) விட்டதும் வர வேண்டும், விவாதம் கிடையாது. சென்டருக்கு சென்டர், இடது விங்குக்கு இடது விங் என்று ஆளுக்கு ஆள் மாற வேண்டும். உள்ளே போகிறவர், வெளியே வருகிறவரின் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். வருகிறவர் பெஞ்சுக்கு ஒன்றரை மீட்டருக்குள் வந்த பிறகே அடுத்தவர் குதிக்கலாம். அவசரப்பட்டால் ஆள் அதிகம் என்று இரண்டு நிமிடத் தண்டனை.

நேரம் பார்க்கக் கைப்பேசி வேண்டாம். கையுறையோடு தொடுதிரை வேலை செய்யாது, கழற்றினால் செய்தி பார்க்கத் தோன்றும். பெரிய பொத்தான் வைத்த சமையலறை டைமர் ஒன்றை வாங்கி, தண்ணீர்ப் புட்டி வைக்கும் இடத்தில் ஸ்டிக் டேப்பால் ஒட்டிவிடுங்கள். அதன் சத்தத்தை மட்டும் அணைத்துவிடுங்கள்.

இரண்டாம் பகுதியில்தான் எல்லோரும் தடுமாறுவார்கள். பக்கம் மாறுவதால் நம் பெஞ்ச் நம் கோலிலிருந்து தூரமாகிவிடும். தடுப்பாட்டக்காரர் களைத்துப்போய் அவ்வளவு தூரம் வருவதற்குள் எதிரணி தனியாக உள்ளே போய்விடும். பக்கை நடுச்சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோய், எதிரணியின் மூலைக்கு அடித்துவிட்டு மாறச் சொல்லுங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமிருந்தே அடித்தால் ஐசிங் என்ற விதிமீறல். சர்வதேச விதிப்படி ஐசிங் செய்த அணி ஆள் மாற்ற முடியாது. களைத்த அதே ஐந்து பேர், தங்கள் கோலுக்கு முன்னால் மறுபடி ஃபேஸ்ஆஃப் (நடுவர் பக்கைப் போட்டு ஆட்டத்தைத் தொடங்குவது) எடுக்க வேண்டும். இதை ஒரு வெள்ளைப் பலகையில் வரைந்து காட்டுங்கள், வாயால் சொன்னால் ஏறாது.

அந்தத் தம்பி திரும்ப வந்துவிட்டான். போன் செய்து, ‘இப்ப டைமர் வெச்சிருக்கோம்டா’ என்று சொன்னேன்.

நான்காம் படி: பாஸை எண்ணுங்கள்

ஐஸ் ஹாக்கியில் ஒரு கோலுக்கு அசிஸ்ட், அதாவது கோலுக்கு வழி செய்த பாஸ், இரண்டு பேர் வரை கணக்கில் ஏறும். ஆட்டம் முடிந்ததும் குழுவில் கோல் போட்டவர் பெயருக்கு முன்னால் அந்த இரண்டு பெயரையும் எழுதுங்கள். முக்கியமாக இரண்டாவது பெயரை. சொந்த மூலையிலிருந்து பக்கைத் தோண்டி வெளியே தள்ளியவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். யாருடைய கண்ணிலும் பட்டிருக்க மாட்டார்.

ஐந்தாம் படி: ஆட்டத்துக்குப் பிறகு

ஆட்டம் முடியும்போது கடைசி எம்ஆர்டி ரயில் நேரம் நெருங்கிவிடும். தூரத்தில் பொங்கோலில் இருப்பவரை இழுத்து வைத்து பீர் குடிக்கச் சொல்லாதீர்கள். பாதிப் பேர் குடிக்க மாட்டார்கள், சிலருக்கு ஹலால் வேண்டும், சிலர் சைவம். உடைமாற்றும் அறையிலேயே பத்து நிமிடம் போதும். ஒரு பை நிறைய மைலோ, கொஞ்சம் முறுக்கு. ஆட்டத்தைப் பற்றிய விமர்சனத்தை அங்கே அனுமதிக்காதீர்கள், அதற்கு மறுநாள் இருக்கிறது. நேரம் இருக்கிறவர்கள் பரோட்டாக் கடைக்குப் போகட்டும்.

எல்லையைத் தாண்டி மலேசியாவின் ஜோகூர் பாருவுக்கு ஆடப் போகிற நாளில் தனித்தனியாகப் போகாமல் ஒரே வேன் பிடியுங்கள். உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடி நெரிசலில் ஊர்ந்து போகிற நேரத்தில் நடக்கிற பேச்சை எந்த விருந்திலும் வாங்க முடியாது. வெள்ளி மாலையைத் தவிருங்கள், ஆட்டம் முடிந்த பிறகுதான் போய்ச் சேருவீர்கள்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் கையுறை தானாகக் காயாது, ஸ்கேட் பிளேடு துருப்பிடிக்கும். வீட்டுக்குப் போனதும் பிளேடைத் துடைத்து, பையைத் திறந்து மின்விசிறிக்கு முன்னால் வைக்கச் சொல்லுங்கள். ஒருவருடைய நாற்றம் பதினைந்து பேரின் பிரச்சினை.

பின்சேர்க்கை: படித்துவிட்டுப் பலர் கேட்டது, நன்றாக ஆடுபவர் குட்டி ஷிஃப்டுக்கு முகம் சுளித்தால் என்ன செய்வது என்று. எங்களிடமும் ஒருவர் சுளித்தார். ஆள் குறைவான இரவுகளில் இரண்டு லைனிலும் ஆட அவருக்கு முதல் உரிமை கொடுத்தோம். பயிற்சியில் புதியவர்களுக்குப் பின்னோக்கி ஸ்கேட் செய்யக் கற்றுத் தரும் வேலையையும் அவரிடமே விட்டோம். சமாதானமாகிவிட்டார். ஆகாதவர்களும் இருப்பார்கள், அவர்களை வேறு அணிக்கு நல்லபடியாக அனுப்பி வையுங்கள்.

இன்னொன்று: பெண்களும் ஆடும் அணியாக இருந்தால், உடைமாற்றும் அறைக்கு அந்த ரிங்கில் என்ன ஏற்பாடு என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். அவர்கள் வேறு அறையில் இருந்தால், மைலோவையும் பேச்சையும் பெஞ்சுக்குப் பின்னால் உள்ள நடைபாதைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கோல்கீப்பர் கவசத்தைக் கழற்றி முடிக்கும் வரை காத்திருங்கள், அவருக்குத்தான் அதிக நேரம் எடுக்கும்.