கடற்கரையில் தூண்டில் வீசிவிட்டு வந்த ரீலை அன்றிரவே கழுவுங்கள்

ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தூண்டில் ராடில் லைனை (தூண்டில் நரம்பை) சுற்றி வைக்கும் ரீலில் தெறித்த நீர் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே இருக்கும். இரவுக் காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி கசியும். அலுமினியமும் எஃகும் ஒட்டியிருக்கும் இடங்களில் அந்த ஈரம் நின்றால் அலுமினியம் வெள்ளையாகப் பூத்து அரிக்கும். காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று மூலையில் சாத்தி வைத்த ரீல்தான் முதலில் கெடுகிறது.

தண்ணீரை முதலில் கவனியுங்கள். கடலோர ஊர்களில் பல வீட்டு போர் தண்ணீரே கரிக்கும். அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவுவதுதான். குடிக்கிற தண்ணீர் இரண்டு லிட்டர் போதும். (கரையிலேயே ரீல் மணலில் விழுந்துவிட்டால் ஹேண்டிலைச் சுற்றாதீர்கள். பாட்டில் தண்ணீரை ஊற்றி மணலை இறக்கிய பிறகே சுற்ற வேண்டும்.)

வீட்டுக்கு வந்ததும் ரீலை ராடிலிருந்து கழற்றி, டிராக் நாபை (மீன் இழுக்கும்போது லைன் எவ்வளவு இறுக்கமாக ஓட வேண்டும் என்பதை வைக்கும் திருகை) முழுக்க இறுக்குங்கள். இறுக்காவிட்டால் தண்ணீர் டிராக் வாஷர்களுக்குள் போய்விடும். பிறகு குவளையாலோ ஸ்ப்ரே பாட்டிலாலோ மெதுவாக ஊற்றுங்கள். லைன் ரோலரில் (லைன் மேலே ஏறி வரும் சின்ன உருளையில்) ஊற்றும்போது அதை விரலால் உருட்டிக்கொண்டே ஊற்றுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் வெளியே இருக்கும் உப்பு பேரிங்குக்குள் தள்ளப்படும். வாளியில் முக்குவதும் தவறு. வெயிலில் சூடான ரீல் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, நீரை உள்ளே இழுக்கும்.

உதறி, பருத்தித் துணியால் துடைத்து, டிராக்கை முழுக்கத் தளர்த்துங்கள். இறுக்கியே வைத்தால் வாஷர்கள் அமுங்கி, அடுத்த முறை லைன் திக்கித் திக்கி ஓடும். லைன் சுற்றியிருக்கும் ஸ்பூலைக் கழற்றி அதன் அடியிலும் அது பொருந்தும் ஷாஃப்டிலும் துடையுங்கள், பலரும் விட்டுவிடும் இடம் இது. பல இழைகளைப் பின்னிய பிரெய்டு லைன், இழைகளுக்குள் உப்புநீரைத் தேக்கி வைக்கும். டிராக் வாஷர்களை எடுத்துவிட்டு ஸ்பூலை மட்டும் 20 நிமிடம் நல்ல தண்ணீரில் ஊற வைக்கலாம். இரவு முழுக்க நிழலில் காயட்டும். ஈரத்தோடு பைக்குள் போடவே கூடாது.

மறுநாள் எண்ணெய். லைன் ரோலர், பெயில் (லைனை ஸ்பூலில் சேர்க்கும் வளைகம்பி) மடியும் இரு மூட்டுகள், ஹேண்டில் குமிழ் ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு சொட்டு. ரீல் ஆயில் கிடைக்காவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் நன்றாகவே வேலை செய்யும். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளடைவில் பிசினாகிவிடும். துருவை இளக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடித்தால் இருக்கிற கிரீஸையும் கரைத்துக்கொண்டு போய்விடும். ஹேண்டில் மரையில் மட்டும் கடுகளவு கிரீஸ் தடவுங்கள். தடவாத மரை உப்பில் பிடித்துக்கொண்டால் பிறகு கழற்றவே வராது.

லைன் ரோலரை ஒவ்வொரு முறையும் சோதியுங்கள். அது சுழலாமல் நின்றால் லைன் அதன்மேல் உரசியே வரும். லைன் தேயும், முறுக்கும் ஏறும். நாட்கள் போனால் ரோலரிலேயே பள்ளம் விழும்.

வாரந்தோறும் போகிறவர்கள் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறையாவது ரீலைத் திறக்க வேண்டும். ரீல் அலையில் முழுதாக மூழ்கி எழுந்திருந்தால் அன்றே திறங்கள். கியர் பற்களில் கிரீஸ் மெல்லிய படலமாக இருந்தால் போதும், அப்பினால் சுற்று கனத்துவிடும். ஹேண்டிலைப் பின்னோக்கிச் சுழலவிடாமல் தடுக்கும் கிளட்ச் பேரிங்கில் மட்டும் கிரீஸ் படவே கூடாது. அதன் உருளைகள் வழுக்கி, மீன் இழுக்கும் நேரத்தில் ஹேண்டில் பின்னால் சுற்றும். அதைத் துடைத்து, மெல்லிய எண்ணெயை ஊசிமுனையால் தொட்டு வைத்தால் போதும்.

திறக்கும்போது ஒவ்வொரு படியையும் போனில் படம் எடுங்கள். கழற்றியதைக் கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத் துணிமேல் அடுக்குங்கள். தாள் போன்ற மெல்லிய வாஷர்கள் பழைய கிரீஸில் ஒட்டிக்கொண்டு பேரிங்கின் பின்பக்கமாகவே வந்துவிடும். துடைக்கும் துணியோடு அதில் ஒன்று போய்விட்டால், மூடிய பிறகு கியர் கரகரக்கும்.