புதுப்பித்த பின் திறக்க மறுக்கும் லிப்ரே ஆபிஸ்

இறந்தவரின் 31ஆம் நாள் நினைவு மலரான கல்வெட்டோ கோயில் மகோற்சவ விஞ்ஞாபனமோ மறுநாள் அச்சுக்குப் போகவேண்டிய நிலையில், புதுப்பித்த லிப்ரே ஆபிஸ் என்னும் இலவச அலுவலக மென்பொருள் முகப்புப் படத்தை மட்டும் காட்டிவிட்டு மறைந்துபோனால், யாழ்ப்பாணத்துத் தட்டச்சு நிலையங்களில் பலரும் உடனே அதை நீக்கிவிட்டு மீள நிறுவுவார்கள். அது பெரும்பாலும் வீண் வேலை. ஏனெனில் மென்பொருளை நீக்கினாலும் பழைய அமைப்புகளைத் தாங்கிய பயனர் கோப்புறை கணினியிலேயே தங்கிவிடுகிறது, புதிய நிறுவலும் அதையே வாசிக்கிறது.

முதலில், விண்டோஸின் தொடக்கப் பட்டியலில் தனியாக உள்ள 'சேஃப் மோட்' மூலம் திறந்து பாருங்கள். 2017இல் வெளிவந்த 5.3 பதிப்பிலிருந்து இவ்வசதி உண்டு. இது தற்காலிகமான வெற்று அமைப்புகளுடன் இயங்குவதால், இதில் திறந்தால் பழுது உங்கள் அமைப்புகளிலோ, கூடுதலாகச் சேர்த்த நீட்சிகளிலோ (எக்ஸ்டென்ஷன்), திரைக்காட்சியை விரைவாக்கும் வன்பொருள் முடுக்கத்திலோ இருக்கிறது எனக் கொள்ளலாம். அங்கு தோன்றும் பெட்டியில் நீட்சிகளையும் வன்பொருள் முடுக்கத்தையும் ஒவ்வொன்றாக முடக்கி, ஒவ்வொரு முறையும் வழமைபோல் திறந்து பார்க்கவேண்டும்.

அதற்கும் சரிவராவிடின், விண்டோஸில் உங்கள் பயனர் கணக்கின் கோப்புறைக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டாவில் (AppData) ரோமிங், லிப்ரே ஆபிஸ், 4 என்ற வரிசையில் சென்று 'யூசர்' கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். (பதிப்பு 7 ஆனாலும் 24 ஆனாலும் அங்கே 4 என்றே இருக்கும், குழம்பவேண்டாம்.) அழித்துவிடாதீர்கள், நீங்கள் சேர்த்த அகராதிச் சொற்களும் வார்ப்புருக்களும் அதனுள்ளேயே உள்ளன. விண்டோஸில் நிறுவிய பாமினி எழுத்துருவுக்கு இதனால் பாதிப்பில்லை.

சேஃப் மோடிலும் திறக்காவிட்டால் மட்டுமே மீள நிறுவுவதில் பொருளுண்டு. அவசரமெனில் முந்திய பதிப்பையே நிறுவி வேலையை முடித்துக்கொள்ளலாம்.